இரண்டாவது பெட்டி

பழசைக் கொடுத்தால் இருநூறு வெள்ளி கழிவு
என்றார் பாடாங் செராய் கடைத் தவுக்கே.
சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.
லோரி வந்த அன்று எனக்குப் பகல் ஷிப்ட்.
கூலிம் கையுறைத் தொழிற்சாலையில்
பத்தாயிரம் கைகளை எண்ணிக் கட்டிவிட்டு
பஸ்ஸிலிருந்து இறங்கினால்
குசினியில் புதுசு நிற்கிறது,
கதவில் ஐந்து நட்சத்திரம் ஒட்டி.
அத்தனை நட்சத்திரம் உள்ள இடத்தில்
நான் ஒரு ராத்திரியும் தங்கியதில்லை.
என் வெண்டைக்காய் தங்குகிறது.

பின்னால், தகரத்தின் கீழே,
துணி மிஷின் பக்கத்தில்
பழசும் நின்றது.
போகலையா?
"ஒரு வாரம் இருக்கட்டுமே," என்றார் தணிகைநாதன்.
இருநூறு வெள்ளி?
"ஓடுற சாமான யாராச்சும் கொடுப்பாங்களா?"

ஓடத்தான் செய்தது.
குலை ஏற்றிய லோரி மேடேறுவது மாதிரி
முக்கி, நின்று, யோசித்து,
உடம்பை ஒரு உதறு உதறி மறுபடியும் முக்கி.
கதவின் ரப்பர் எப்போதோ செத்துவிட்டது.
சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்.
மேல் தட்டில் விரல் கனத்துக்குப் பனி.
அதற்குள் ஒரு கறிவேப்பிலை,
எந்தத் தீபாவளியிலிருந்தோ, பச்சையாகவே.

காலிப் பெட்டி இருக்கிற சேதி
கரண்டு போன சேதியைவிட வேகமாய்ப் பரவும்.
கோயிலுக்குப் பூக்கட்டும் விசாலாட்சி
இரண்டு பை மல்லிகை வைத்தாள்.
ஐந்தாம் நம்பர் வீட்டிலிருந்து
டப்பா டப்பாவாய் டுரியான் சுளை.
குலை வெட்டும் அப்பளசாமி
காட்டுப்பன்றிக் கறி மூன்று கிலோ.
மறுநாள் காலை விசாலாட்சி கதவைத் திறந்தாள்,
பார்த்தாள்,
மூடினாள்.
அந்த வெள்ளிக்கிழமை அம்மனுக்கு
செம்பருத்தி மட்டும்தான்.

கறிக்குப் பின்னால்,
சுளைக்கும் பின்னால்,
ஆறு டின் பீர்
வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன்கள் போல
வரிசையாய் நின்றன.
ஒரு வாரம் என்பதற்கு
எனக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது.

போன மாதம் எண்பத்தொன்பது வெள்ளி.
இந்த மாதம் நூற்றொன்பது.
மிச்சம் பிடிக்க வாங்கிய பெட்டிக்குத் தவணை தனி.
"மீட்டர் கெட்டிருக்கும்," என்றார்.

ராத்திரி பத்து மணிக்கு
அவரை வாசலுக்குக் கூப்பிட்டேன்.
மீட்டர் பெட்டியில் சிவப்பாய் ஒரு பொட்டு
விட்டு விட்டு மின்னும்.
நான் எண்ணிப் பிழைக்கிறவள்.
கைபேசியில் ஒரு நிமிஷம் வைத்து
எண்ணச் சொன்னேன்.
பதினொன்று, என்றார்.
பின்னால் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.
முக்கல் நின்றது.
இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்கு அடியில்
ஒரு தவளை கத்திக்கொண்டிருந்திருக்கிறது.
இப்போது எண்ணுங்கள்.
எண்ணினார்.
நம்பாமல் இன்னொரு நிமிஷமும் எண்ணினார்.
ஏழு.

மீட்டரைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.
"கறி கெட்டுப் போயிருமே," என்றார் கடைசியில்.

ஆகவே பதினொரு மணிக்கு அடுப்பு மூட்டினோம்.
அப்பளசாமி மிளகு இடித்தார்.
ஐந்தாம் நம்பர்க்காரர்கள் தட்டோடு வந்தார்கள்.
கறிவேப்பிலை போதவில்லை;
பனி உருகி ஒழுகிய அந்த ஒன்றை
யாருக்கும் தெரியாமல் சட்டியில் போட்டேன்.

சனிக்கிழமை
பழைய பேப்பர், பழைய இரும்பு என்று
மலாயில் கூவிக்கொண்டு ஒலிபெருக்கி லோரி வந்தது.
முப்பத்தைந்து வெள்ளி கொடுத்தான்.
டியூப்பை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டார்.
கழிவில் போன மிச்சக் கணக்கை
நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
சொல்லாததும் அவருக்குக் கேட்டது.

சிமெண்டில் அது நின்ற இடம்
சதுரமாய் வெளுத்துக் கிடக்கிறது.
சாயங்காலம் அங்கே நாற்காலி போட்டு உட்காருகிறார்.
ஐந்து நட்சத்திரத்தில், வெண்டைக்காய் பக்கத்தில்,
ஒரு டின்னுக்கு இடம் விட்டிருக்கிறேன்.
ஆறுக்கு இல்லை.